கேபினுக்கு ஏசியா, மின்விசிறியா? திருகோணமலைக் கடலுக்கு எது சரி

எங்கள் 26 அடிப் படகின் அடிப்பக்கத்தில் பைபர் வேலை செய்வதற்காகக் கேபின் ஏசியைக் கழற்ற வேண்டி வந்தது. வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் பூட்டுவதா, இல்லை அந்த இடத்தை விட்டுவிட்டு மின்விசிறி, மேல்கதவு, நிழல்விரிப்பு என்று போவதா என்று யோசித்தோம். நான் இரண்டாவதை எடுத்தேன். அதன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

ஏசி குளிர் தரும், விசிறி காற்றுத்தான் தரும். விலையில் பெரிய வித்தியாசம் உண்டு, சத்தத்திலும் உண்டு. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. நான் முடிவெடுத்தது பராமரிப்பைப் பார்த்து. அதிலும் கடல்நீர் ஓடும் பாதையைப் பார்த்து.

படகுக்கென்று வரும் ஏசி, வீட்டு ஏசி மாதிரி சூட்டை வெளிக்காற்றில் விடுவதில்லை. படகின் அடியில் ஒரு துளை வழியாகக் கடல்நீரை இழுத்து, வடிகட்டி, பம்ப், செப்பு நிக்கல் குழாய்ச்சுருள் என்று ஓடவிட்டு, பக்கவாட்டில் வெளியே தள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் நம் கடல்நீரே 30 பாகைக்கு அருகில் நிற்கும். அதனால் குளிர்நாட்டுக் கடலில் இந்த இயந்திரம் காட்டும் திறன் இங்கே கிடைக்காது. சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது அந்தக் குழாய்க்குள் வளர்வது. கழற்றிய ஹோஸை வெட்டிப் பார்த்தபோது உள்சுவர் முழுக்க வெள்ளைச் சிப்பிகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. விரல் நுழைய வேண்டிய வழியில் பென்சில்தான் நுழைந்தது. சூடான, ஓடாமல் நிற்கும் கடல்நீர் சிப்பிக்கு நல்ல வீடு. படகு தினமும் ஓடினால் இது மெதுவாக வரும். வாடைக்காலத்தில் மாதக்கணக்கில் கட்டிப்போட்டால் வேகமாக வரும். நீர் நின்று அழுகினால், அடுத்த தடவை பம்பைப் போடும்போது கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். கொட்டியாரக் குடாப் பக்கம் போய் வருபவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: மழைக்காலத்தில் மகாவலி கொண்டுவரும் சேறு வடிகட்டியின் கூடையில் படிந்துவிடும்.

நீரோட்டம் குறைந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, ஏசி தானே நின்றுவிடும். பக்கவாட்டில் பாயும் நீர் விரல் தடிப்பிலிருந்து நூல் மாதிரி மெலிவதுதான் முதல் அடையாளம். அப்புறம் வடிகட்டியைக் கழுவி, குழாய்ச்சுருளுக்குள் மெல்லிய அமிலக் கரைசலைச் சுற்றவிட்டு, நன்னீரால் அலச வேண்டும். மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாகக் கட்டி இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஹோஸ் வளைந்து தாழாமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். இல்லாவிட்டால் காற்று அடைத்து நீர் ஏறாது. பூட்ட வந்த மெக்கானிக் தம்பி ஒளிக்காமல் சொன்னார்: "பூட்டித் தரலாம் அண்ணை, ஆனா மாசம் ஒருக்காக் கழுவ வேணும். ஆர் கழுவுறது எண்டதை முதல்ல யோசியுங்கோ." கொழும்பில் இருந்து வார இறுதிக்கு வந்து போகும் உரிமையாளர்களுக்கு அந்த ஆள் கிடைப்பதில்லை. படகோடு கூடவே இருக்கும் எனக்கும் அது சுமைதான்.

அடுத்தது மின்சாரம். 7,000 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசியும் அதன் பம்பும் சேர்ந்து ஏறக்குறைய 700 வாட் இழுக்கும். 12 வோல்ட் பற்றரியில் இன்வெர்ட்டர் வழியாக எடுத்தால் 65 அம்பியர் வரை போகும். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம். நிற்காமல் ஓடினால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே கரை மின்சாரம் வேண்டும், இல்லையேல் ஜெனரேற்றர். பெற்றோல் ஜெனரேற்றரைத் தளத்தில் வைத்துவிட்டு, கேபினை இறுக மூடிக்கொண்டு படுப்பது உயிராபத்து. அதன் புகையில் வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஏசி கேபினை மூடச் சொல்கிறது என்பதால் இதை லேசாக விடக்கூடாது.

விசிறிப் பக்கம் வருகிறேன். படகுக்கான நல்ல 12 வோல்ட் விசிறி அரை அம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். மூன்றைப் பூட்டி இரவு முழுக்க ஓடவிட்டாலும் 10 அல்லது 12 அம்பியர்-மணிதான் போகும். கூரையில் ஒரு சூரியப் பலகை இருந்தால் அடுத்த நாளே அது நிரம்பிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ், வெள்ளீயம் பூசிய செப்பு வயர். வெறும் செப்பு வயர் உப்புக்காற்றில் பச்சை பிடித்து உள்ளுக்குள்ளேயே இற்றுவிடும்.

ஆனால் விசிறியை மட்டும் பூட்டினால் சூட்டைச் சுற்றிவிடுவதுதான் நடக்கும். முதலில் வெயிலை நிறுத்த வேண்டும். கேபின் கூரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு வெளிர்நிறக் கன்வஸ் விரிப்பைக் கட்டினோம். அந்த இடைவெளிதான் முக்கியம்: கூரையில் விழவேண்டிய சூட்டை விரிப்பு வாங்கிக்கொள்ள, நடுவே காற்று ஓடி அதை எடுத்துப் போகும். நீலத் தார்ப்பாய் மலிவு. ஆனால் வெயில் அதைச் சீக்கிரமே தூளாக்கிவிடும். கூரையின் உட்பக்கம் 20 மில்லிமீற்றர் நுரைத்தகடு ஒட்டினோம். கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்தது.

அப்புறம் காற்று வரும் வழி. நங்கூரம் போட்ட படகு அணியத்தை, அதாவது முன்முனையை, காற்றுக்குக் கொடுத்து நிற்கும். ஆகவே முன்பக்க மேல்கதவு முன்னோக்கித் திறக்க வேண்டும், பின்கதவில் காற்று வெளியேற வேண்டும். புறாமலைத் தீவுக்கு அருகே நிற்கும்போது இந்த ஏற்பாட்டில் விசிறியே தேவைப்படுவதில்லை. உள்துறைமுகத்தில் நிலைமை வேறு. சுற்றிலும் மேடும் மரமும் இருப்பதால் இரவில் காற்று செத்துவிடும், நுளம்பும் வரும். நுளம்புவலை போட்டால் வரும் காற்றில் நல்ல பங்கு குறைந்துவிடும். அங்கேதான் விசிறி வேலைக்கு வரும். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, கதவருகே வெளியே தள்ளும்படி ஒன்று.

விசிறிக்கு ஒரு எல்லை உண்டு. வைகாசி, ஆனியில் தரையிலிருந்து வரும் கச்சான் காற்று காய்ந்து, சூடாக அடிக்கும். வெளிக்காற்று 35 பாகையைத் தாண்டினால் விசிறி உடம்பைப் பெரிதாகக் குளிர்விக்காது. நடுப்பகலில் ஜெற்றியில் கட்டிய படகுக்குள் வயதானவர்களையோ கைக்குழந்தையையோ வைத்திருக்க வேண்டுமென்றால் ஏசிதான் சரி. ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணம் வராமல் வைப்பதிலும் ஏசிக்கே வெற்றி. எங்கள் ஓட்டம் பெரும்பாலும் பகல் ஓட்டம், இடைக்கிடை ஒரு இரவு. வாரக்கணக்கில் படகிலேயே வாழ்பவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம். அதில் எனக்கு அனுபவம் போதாது.

லொறிகளின் கூரையில் பூட்டும் பற்றரி ஏசியையும் சிலர் சொல்கிறார்கள். அதற்குக் கடல்நீர் வேண்டாம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் அதன் அலுமினியத் தகடுகள் உப்பில் எவ்வளவு காலம் நிற்கும் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஒருவருடைய படகில் ஏறிப் பார்த்தேன், புதிதாக இருந்தது. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

ஏசியை விட்டுவிடுபவர்கள் அடியில் இருக்கும் துளையைக் கட்டையடித்து விட்டுவிடாதீர்கள். சுற்றியுள்ள பைபரை 12க்கு 1 என்ற சரிவில் தேய்த்து, அதாவது 10 மில்லிமீற்றர் தடிப்புக்கு 12 சென்ரிமீற்றர் அகலம் சரித்து, எபொக்சியில் படைபடையாக மூட வேண்டும். திரும்பப் பூட்டுபவர்கள் அந்தத் துளைக்குப் பித்தளைச் சாமான் வாங்காமல் வெண்கலமே வாங்குங்கள். கடல்நீர் பித்தளையில் உள்ள துத்தநாகத்தைத் தின்றுவிடும். ஒருநாள் கையோடு உடைந்து வரும். கேபினுக்குள் ஒரு கார்பன் மொனொக்சைட் அலாரமும் வையுங்கள்.