ஓடும் பெல்ட்டா, நிற்கும் தரையா?

ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாள் ஆனதும் எல்லோருக்கும் வரும் கேள்விதான். வெளியே ஓடுவதா, ட்ரெட்மில்லில் ஓடுவதா? கேட்ட மாத்திரத்தில் இரண்டு கட்சி கிளம்பிவிடும். "மெஷினில் ஓடுவதெல்லாம் ஓட்டமா? பெல்ட்தானே காலை இழுத்துக்கொண்டு போகிறது" என்பார் ஒருவர். "ரோட்டில் ஓடி மூட்டைக் கெடுத்துக்கொள்ளாதே" என்பார் இன்னொருவர். இரண்டிலும் மாறி மாறிப் பல வருடம் ஓடியவன் என்ற முறையில் சொல்கிறேன், இருவரும் சண்டை போடும் இடம் தவறு. உடம்பைப் பொறுத்தவரை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாம் நினைப்பதைவிடச் சிறியது. பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் அந்த பெல்ட் இழுக்கும் கதை. சீரான வேகத்தில் போகும் ரயிலுக்குள் பந்தைத் தூக்கிப் போட்டால் அது நம் கைக்கேதான் திரும்ப வரும். அதே கணக்குதான் இங்கேயும். தரை நின்று நாம் நகர்ந்தாலும், நாம் நின்று தரை நகர்ந்தாலும், வேகம் சீராக இருக்கும்வரை காலுக்கு ஒரே வேலைதான். ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடையைத் தூக்கி எறிய வேண்டும், மறுபடி தாங்க வேண்டும். பெல்ட் அந்த வேலையைச் செய்து தருவதில்லை. சந்தேகம் இருந்தால் ஓடுவதை ஒரு விநாடி நிறுத்திப் பாருங்கள் என்று சொல்வேன், ஆனால் வேண்டாம், பின்பக்கம் போய் விழுவீர்கள்.

ட்ரெட்மில்லில் இல்லாமல் போவது காற்றின் எதிர்ப்பு மட்டும்தான். ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஜோனதன் டவுஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் இதை அளந்து பார்த்தார்கள். பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை ரோட்டிலும் ட்ரெட்மில்லிலும் ஓடவிட்டு, அவர்கள் உள்ளிழுத்துச் செலவழிக்கும் ஆக்சிஜனை ஒப்பிட்டார்கள். மணிக்குச் சுமார் 10.5 முதல் 18 கிலோமீட்டர் வரையான வேகங்களில், மெஷினை 1 சதவீதம் சாய்த்தால் ரோட்டுக் கணக்கோடு பொருந்தி வந்தது. இன்று ஜிம்மில் எல்லோரும் சொல்லும் "1 சதவீதம் வை" என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. மெதுவாக ஓடுகிறவருக்கு அது கணக்கில் கொள்ளும் அளவே இல்லை. மணிக்கு 7 கிலோமீட்டரில் மெல்ல ஓடிக்கொண்டு, சாய்வை மறந்துவிட்டோமே என்று கவலைப்படத் தேவையில்லை. அதைவிடக் கைப்பிடியை விடுங்கள். கைப்பிடியில் எடையைச் சாய்த்து ஓடினால், திரையில் வரும் கலோரி எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

காற்று இல்லாததற்கு இன்னொரு முகமும் உண்டு. வெளியே மணிக்கு 10 கிலோமீட்டரில் ஓடினால், காற்றே வீசாத நாளிலும் அந்த வேகத்தில் ஒரு காற்று உங்கள் மேல் பட்டுக்கொண்டே இருக்கும். அது வியர்வையை ஆவியாக்கும், உடல் குளிரும். ட்ரெட்மில்லில் நீங்கள் ஒரே இடத்தில் நிற்கிறீர்கள். வியர்வை காயாமல் சொட்டுகிறது, உடல் சூடேறுகிறது, அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. நன்றாக வியர்த்தால் நன்றாகக் கொழுப்பு கரைகிறது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தரையில் சொட்டும் வியர்வை கொழுப்பையும் கரைக்கவில்லை, உடம்பையும் குளிர்விக்கவில்லை. எதிரில் ஒரு மின்விசிறி வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மெஷினில் ஓடுவது ஓட்டமே இல்லை என்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். நார்வேயின் இங்கிரிட் கிறிஸ்டியன்சன் பனிக்காலத்தில் ட்ரெட்மில்லில் நிறைய ஓடிப் பயிற்சி எடுத்தவர். 1985 லண்டன் மாரத்தானை 2 மணி 21 நிமிடம் 6 விநாடியில் முடித்தார். அந்த உலக சாதனை 13 வருடம் நின்றது. அலாஸ்காவில் மருத்துவராக இருந்த கிறிஸ்டின் கிளார்க் பெரும்பாலும் ட்ரெட்மில்லிலேயே ஓடித் தயாராகி, 2000-ஆம் ஆண்டு அமெரிக்க ஒலிம்பிக் மாரத்தான் தேர்வுப் போட்டியில் யாரும் எதிர்பாராமல் வென்றார். அன்று வெயில் கடுமை. பனி ஊரிலிருந்து வந்தவர் தாக்குப்பிடித்ததற்கு, வீட்டுக்குள் காற்றில்லாமல் வெந்து ஓடிய பழக்கமும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, மூட்டு? பெல்ட்டுக்கு அடியில் உள்ள பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் தரை மென்மையானால் கால் தன்னை விறைப்பாக்கிக்கொள்ளும், தரை கடினமானால் தளர்த்திக்கொள்ளும். அதனால் மென்மையான பலகை என்பதாலேயே மூட்டு பிழைத்துவிடும் என்று நம்ப முடியாது. எங்கே ஓடினாலும் ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 5,000 அடி. வெளியே இந்த 5,000 அடியும் ஒன்றுபோல் இருக்காது. மேடு, பள்ளம், திருப்பம், கல்லைத் தாண்டுவது என்று சுமை வெவ்வேறு தசைகளுக்குப் பிரிந்து போகும். ட்ரெட்மில்லில் ஒரே அடியை 5,000 முறை வைக்கிறோம். காயத்திலிருந்து மீண்டு வருபவருக்கு இந்தச் சீரான தன்மையே வசதி. அதுவே வருடம் முழுக்க என்றால் கணுக்காலுக்குக் கரடுமுரடான தரை மறந்துபோகும்.

இறக்கம் தனிக்கதை. இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தொடை மறுநாள் படியிறங்கும்போது பேசும். பெரும்பாலான மெஷின்கள் ஏறும், இறங்காது. ட்ரெட்மில்லை மட்டுமே நம்பிப் பயிற்சி எடுத்து, மேடும் பள்ளமுமான போட்டியில் போய் நின்றவர்களுக்கு இது தெரியும். எனக்கும் தெரியும், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகப் படியிறங்கியிருக்கிறேன். ஏற்றத்துக்கு மட்டும் மெஷினை மிஞ்ச எதுவும் இல்லை. சமவெளியில் இருப்பவர்கூட 6 சதவீத ஏற்றத்தை எத்தனை நிமிடம் வேண்டுமானாலும் ஏறலாம், இறங்க வேண்டிய தொல்லை இல்லாமல்.

இப்போது அந்தப் பெரிய வித்தியாசத்துக்கு வருகிறேன்: வேகத்தை யார் பிடித்துவைப்பது, எப்போது நிறுத்துவது.

ட்ரெட்மில்லில் வேகம் என்பது திரையில் ஒரு எண். 10 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம், 12 என்றால் 5 நிமிடம். உடம்பு களைத்தாலும் பெல்ட் களைக்காது. அதனால் டெம்போ ஓட்டம் (கொஞ்சம் கடினமான வேகத்தை விடாமல் பிடித்து ஓடுவது), இன்டர்வல் (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடுவது) போன்ற கணக்கான வேலைகளுக்கு அது நேர்மையான இடம். வெளியே அதே வேகத்தை மனம்தான் பிடித்துவைக்க வேண்டும். நான்காவது கிலோமீட்டரில் ஏதோ யோசனையில் விழுந்தால் வேகமும் நமக்குத் தெரியாமலேயே விழுந்திருக்கும். ஆனால் போட்டியில் கேட்கப்படுவது அந்தத் திறமைதான். அதைப் பெல்ட் கற்றுத்தராது, எல்லாவற்றையும் தானே செய்துவிடும்.

இன்னொரு விசித்திரம், ஒரே வேகம் ட்ரெட்மில்லில் அதிகமாகத் தோன்றும். வழக்கமாக வெளியே ஓடும் வேகத்தை எண்ணைப் பார்க்காமல் மெஷினில் வைக்கச் சொன்னால், பலர் அதைவிடக் குறைவாகத்தான் வைப்பார்கள். மரமும் சுவரும் பின்னால் போகவில்லை, மோட்டார் மட்டும் இரைகிறது. கண் ஒன்று சொல்ல, கால் ஒன்று சொல்கிறது. புதிதாக ஏறுபவர்கள் "எனக்கு ஸ்டாமினாவே இல்லை" என்று சோர்ந்துபோவது பெரும்பாலும் இதனால்தான்.

அப்புறம் நிறுத்துவது. வெளியே 4 கிலோமீட்டர் போய்விட்டால் 4 கிலோமீட்டர் திரும்பி வந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. அந்தக் கட்டாயம்தான் என்னை எத்தனையோ முறை முழுத் தூரம் ஓடவைத்திருக்கிறது. ட்ரெட்மில்லில் சிவப்புப் பொத்தான் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. இருபது நிமிடம் தாண்டியதும் அது பெரிதாகிக்கொண்டே போகும். பாதியில் இறங்கிய ஓட்டங்களை எண்ணினால், என் கணக்கில் பெரும்பாலும் மெஷின் ஓட்டங்கள்தான். துண்டைப் போட்டுத் திரையை மூடியும் பார்த்தேன், துண்டைத் தூக்கிப் பார்க்கும் வேலை கூடியதுதான் மிச்சம். ஆனால் தொடங்குவதில் கதை தலைகீழ். மழை, இருட்டு, துரத்தும் நாய் என்று வெளியே போகாமலிருக்க நூறு காரணம் கிடைக்கும். மெஷினுக்கு ஷூவை மாட்டினால் போதும். அது கிளம்பவைக்கும் கருவி, முடிக்கவைக்கும் கருவி இல்லை.

சலிப்பு இதன் பிறவிக் குணம் போலிருக்கிறது. 1818-இல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் சிறைக்கைதிகளுக்காகச் சுழலும் படிச்சக்கரம் ஒன்றை வடிவமைத்தார். மணிக்கணக்காக அதில் ஏறிக்கொண்டே இருப்பது ஒரு தண்டனை. ஆங்கிலத்தில் அதற்கும் ட்ரெட்மில் என்றுதான் பெயர். இன்றைய மோட்டார் பெல்ட் வேறு வழியில் வந்தது. 1952-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புரூஸும் வெய்ன் குவின்டனும் இதயப் பரிசோதனைக்காக அதை உருவாக்கினார்கள்.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளியே வண்டியும் இருட்டும்தான் ஆபத்து, காதில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓடாதீர்கள். காற்று மாசு அதிகமுள்ள நாளில் உள்ளேயே இருந்துவிடலாம். மெஷினின் பாதுகாப்புச் சாவியோடு வரும் சிவப்புக் கயிற்றை உடையில் மாட்டிக்கொள்ளுங்கள், தடுக்கி விழுந்தால் அது இழுபட்டு பெல்ட் நின்றுவிடும். வீட்டில் குழந்தை இருந்தால் வேலை முடிந்ததும் அந்தச் சாவியைக் கழற்றி எடுத்துவிடுங்கள், ஓடும் பெல்ட்டில் சிறு விரல்கள் மாட்டும்.

நான் பிரித்துக்கொண்டிருப்பது இப்படி. வார இறுதி நீள ஓட்டமும் பேசிக்கொண்டே ஓடும் மெதுவான ஓட்டமும் வெளியே. வேகம் துல்லியமாக வேண்டிய ஒரு நாளும் ஏற்றம் ஏறும் நாளும் மெஷினில். போட்டி நெருங்கினால் கடைசி ஒன்றரை மாதம் முடிந்தவரை தரைதான், அதுவும் போட்டி நடக்கும் நேரத்திலேயே. இப்போதுதான் ஓட ஆரம்பிப்பவர் என்றால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், நாளைக்கு எது கைக்கு எட்டுகிறதோ அதில் ஓடுங்கள்.

மெஷின் வாங்கும் யோசனை இருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஜிம்மிலோ நண்பர் வீட்டிலோ ஒரு 40 நிமிடம், பாட்டும் படமும் இல்லாமல் ஓடிப் பாருங்கள். எத்தனையாவது நிமிடத்தில் கை சிவப்புப் பொத்தானைத் தேடியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.