ஒருநாள் பயிலரங்கா, ஆண்டு முழுதும் கூடும் கற்றல் வட்டமா?

அமெரிக்க மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கான இனவெறி எதிர்ப்புப் பயிற்சியில் ஒருநாள் பயிலரங்கு செலவு குறைந்தது. சட்டத்தையும் அடிப்படைக் கருத்துகளையும் எல்லோருக்கும் ஒருசேர அறிமுகப்படுத்திவிடும். ஆனால் 2016-இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில், சேட்டை ஏதும் நடக்காத காணொளியில் சேட்டையை எதிர்பார்த்துப் பார்க்கச் சொன்னபோது, ஆசிரியர்களின் கண்கள் கறுப்பினச் சிறுவனையே அதிகம் பின்தொடர்ந்தன. தம்மை அறியாமல் படிந்த அந்தப் பார்வைப் பழக்கத்தை ஒருநாள் பயிலரங்கு மாற்றிவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆகவே என் தேர்வு, ஆசிரியர்கள் ஆண்டு முழுதும் அவ்வப்போது கூடித் தம் வகுப்பறை அனுபவங்களைப் பேசும் கற்றல் வட்டமே. அங்கே, விளையாட்டுக் கட்டைக்காக மல்லுக்கட்டிய இரு குழந்தைகளில் யாரை மட்டும் பெயர் சொல்லி அதட்டினோம் என்று சக ஆசிரியர் குறித்துவைத்த தாளை நடுவில் வைத்துப் பேச்சு தொடங்குகிறது. குறைந்த ஊதியத்தில் உழைக்கும் குழந்தைகள் காப்பகப் பணியாளர்களுக்கு அந்த நேரத்துக்கும் சம்பளம் தரப்பட வேண்டும். இல்லையேல் அது அவர்கள் தலையில் ஏறும் இன்னொரு சுமையாகிவிடும்.