ஏஎம்டி கார்ல மேனுவல் மோட்: கொல்லிமலைக்கு ஓட்டிப் பாத்தேன்

ஏஎம்டி வண்டி, அதாவது கிளட்ச் மிதி இல்லாம கியர தானா மாத்திக்கிற வண்டி, வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. இது வரைக்கும் டி-ல (டிரைவ், கியர அதுவே பாத்துக்கும்) போட்டுட்டு போனா போதும்னு தான் இருந்தேன், எம் (மேனுவல், கியர நாமளே லீவர்ல மாத்தணும்) பக்கம் லீவர தள்ளுனதே இல்ல. போன வாரம் கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவு, அங்க தான் இதோட அருமை புரிஞ்சுது.

டி-ல ஏறும்போது ஒவ்வொரு வளைவுலயும் வண்டிக்கு ஒரே குழப்பம், செகண்டா தேர்டான்னு முடிவு பண்றதுக்குள்ள இழுவை செத்துடும், பின்னாடி வர்ற பஸ்காரர் ஹாரன அமுக்குவாரு. எம்-ல செகண்ட்ல பிடிச்சு வச்சா அந்தத் தொல்லையே இல்ல. இறங்கும்போதும் செகண்ட் தான், இஞ்சினே வேகத்த அடக்குது, பிரேக் சூடாகி வாடை வரல.

ஆனா பேரு தான் மேனுவல். ஃபர்ஸ்ட் போடச் சொன்னா ஆர்பிஎம் (இஞ்சின் சுத்துற வேகம்) எகிறும்னு பட்டா ஒரு பீப் அடிச்சிட்டு கம்முனு இருக்கும். வேகம் ரொம்பக் குறைஞ்சா கேக்காமலே கியர இறக்கிடும். கிளட்ச் உள்ள இருக்கு, நம்ம காலுக்குப் பதிலா ஆக்சுவேட்டர்னு ஒரு கருவி அமுக்குது, அதனால மாத்தும்போது தலை லேசா ஆடும், ஆக்சிலேட்டர்ல இருந்து கால கொஞ்சம் எடுத்தா அது குறையும்.

என் வண்டில லீவர முன்னாடி தள்ளுனா மைனஸ், அதாவது கியர் இறங்கும். பழக்கதோஷத்துல ரெண்டு தடவ மாத்திப் போட்டேன், வீட்டுக்காரம்மா மொறச்சாங்க.

ஊருக்குள்ள டிராஃபிக்ல இதத் தொடவே வேணாம். மலைக்கு 4/5 தருவேன்.