அடுக்குமாடி வீட்டில் கல்லும் கண்ணாடியும்: ஆறு வருட அனுபவம்

ஒரு பழைய புட்டியில் ஓட்டை போட்டு மேசை விளக்கு செய்யலாம் என்று 2019-இல் ஆசை வந்தது. அந்த ஒரு ஓட்டைக்காக 150 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து, முனையில் மாட்டும் பிட்டை வேகமாகச் சுழற்றும், கையில் பிடிக்கும் ரோட்டரி மிஷின் ஒன்று வாங்கினேன். இப்போது சிங்கப்பூர் ஈசூன் வட்டாரத்தில் என் வீட்டு சர்வீஸ் யார்டில், அதாவது சமையலறையை ஒட்டித் துணி துவைக்கும் இடத்தில், பாதி இடம் கல், கண்ணாடி வேலைச் சாமானுக்குத்தான். துணி காயப்போட இடமில்லை என்று வீட்டில் பேச்சு வாங்குவது தனி.

முதலில் மிஷின். மோட்டாரைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருடத்தில் மோட்டாருக்குள் தேயும் கார்பன் பிரஷ் என்ற சின்னக் கட்டையை ஒரு முறை மாற்றினேன், அவ்வளவுதான். தப்பு என் பக்கம். நிமிடத்துக்கு 30,000 சுற்று ஓடும் என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பி, முழு வேகத்தில் கண்ணாடியில் வைத்து அழுத்தினேன். புட்டி விரிசல் விட்டது, முனையில் மாட்டியிருந்த டைமண்ட் பிட் மொட்டையானது. முப்பது பிட் பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கினால் அப்படித்தான் என்று அப்போது நினைத்தேன். உண்மை வேறு. அந்த விலைக்குக் கிடைப்பதெல்லாம் இரும்புத் தண்டின் மேல் ஒரே ஒரு அடுக்கு வைரத் துகளை நிக்கல் முலாம் பூசி ஒட்டியது. சூடு ஏறினால் வைரம் தேய்வதற்கு முன்னாலேயே முலாம் பிடியை விட்டுவிடும், துகள் உதிர்ந்துவிடும். அதே மலிவு பிட்டை மிகக் குறைந்த வேகத்தில், தண்ணீருக்குள் ஓட்டியபோது ஆறேழு புட்டிக்கு வந்தது.

ஓட்டை போடும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். போடும் இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் சின்னப் பாத்தி கட்டி, தண்ணீர் விட வேண்டும். பிட்டைச் சாய்த்துப் பிடித்தால் முதலில் பிறை மாதிரி ஒரு வடு விழும். அப்புறம் மெல்ல நிமிர்த்தலாம். நேராக வைத்தால் வழுக்கி ஓடிக் கோடு போட்டுவிடும். மறுபக்கம் வரப்போகிறது என்று தெரிந்ததும் கையின் பாரத்தை எடுத்துவிடுங்கள். சில்லு தெறிப்பது அங்கேதான்.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் என்பதால், மிஷினைக் கம்பியில் உயரத் தொங்கவிட்டு ஃபிளெக்ஸ் ஷாஃப்ட் மாட்டிக்கொண்டேன், அதாவது மோட்டார் மேலே இருக்க, வளையும் குழாயின் நுனியில் பிட் மட்டும் கையில் சுழலும். நான் வாங்கியதில் மிக உருப்படியான பொருள் இதுதான். மிஷினை வாங்கிய அன்றே வாங்கியிருக்க வேண்டும்.

கண்ணாடி அறுக்க, எண்ணெய் ஊறும் கைப்பிடி வைத்த கட்டர். மின்சாரம் வேண்டாம், பெரிய சத்தமும் இல்லை. ஒரே சீராகக் 'கிர்ர்' என்று கேட்டால் கோடு சரியாக விழுகிறது என்று அர்த்தம். ஒரு கோட்டை ஒரு முறைதான் கீற வேண்டும். திருப்பி ஓட்டினால் கட்டரின் சக்கரமும் கெடும், கண்ணாடியும் கோணலாக உடையும். இவ்வளவு தெரிந்த நான்தான் ஒரு பழைய மேசைக் கண்ணாடியை டெம்பர்ட் (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது) என்று பார்க்காமல் அறுக்கப் போனேன். கோட்டைக் கீறி உடைக்கப் போனதும் மொத்தமும் கற்கண்டு மாதிரி நொறுங்கித் தரையில் கொட்டியது. டெம்பர்ட் கண்ணாடியை எந்தக் கட்டராலும் அறுக்க முடியாது.

ஏப்ரல் 2020-இல் சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கம் வந்தது. மேல் வீடு, கீழ் வீடு எல்லாரும் வீட்டிலேயே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விதிப்படி சீரமைப்பு வேலையில் ஓடு அறுப்பது போன்ற சத்தமானவற்றை வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம், சனி ஞாயிறு கூடாது. என் பொழுதுபோக்கும் அதே கணக்குதான் என்று வைத்துக்கொண்டு மிஷினை நிறுத்தினேன். அதற்குப் பதில் சிலிக்கான் கார்பைட் பொடி வாங்கி, தடித்த கண்ணாடிப் பலகையில் தண்ணீரோடு பரப்பிக் கல்லைக் கையால் தேய்த்தேன். 80, 220, 400, 600 என்று படிப்படியாக, எண் கூடக் கூடப் பொடி நைசாகும். ஒரு படியைத் தாண்டினால் கீறல் கடைசியில் பல்லைக் காட்டும். ஒவ்வொரு படிக்கும் நடுவில் பலகை, கை, நகக்கண் எல்லாம் கழுவ வேண்டும். 80-இன் ஒரே ஒரு துகள் தங்கினால் போதும், இரண்டு நாள் வேலை போச்சு. கண்ணாடிக்குக் கடைசி மெருகு சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி, ஈரக் கம்பளித் துணியில். மிஷினில் வராத பளபளப்பு இதில் வந்தது. இன்றைக்கும் பாதி வேலை இப்படித்தான்.

தூசி விஷயத்தில் மட்டும் நான் கறார். கிரானைட்டிலும் சமையலறைக் குவார்ட்ஸ் பலகையிலும் இருக்கும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. அந்தப் பலகை அறுத்த தொழிலாளர்களுக்கு நோய் வந்ததால்தான் ஆஸ்திரேலியா ஜூலை 2024 முதல் அதைத் தடை செய்தது. உலர்ந்த கல்லில் நான் மிஷின் வைப்பதே இல்லை, ஈரத்திலும் என்95 முகக்கவசம் உண்டு. தேய்த்த சகதியை சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்குவதைப் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறேன்.

நம் ஊர் ஈரக்காற்றில் பிட்டுகள் துருப்பிடிக்கும். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, மூடிய டப்பாவில் வையுங்கள்.

உளி கதை வேறு. பாட்டி இந்தியாவிலிருந்து ரஜுலா கப்பலில் கொண்டு வந்த அம்மி வழவழவென்று ஆகிவிட்டது. "தேங்காய் வழுக்கிக்கிட்டுப் போகுதுடா தம்பி, ஊர்ல அம்மி கொத்துறவன் வாசலுக்கே வருவான்" என்றார் அம்மா. ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில் வாங்கிய சாதாரண உளி அரை மணி நேரத்தில் மழுங்கியது. கார்பைட் நுனி வைத்த உளிதான் தாங்கியது. சிங்கப்பூரின் ஊபின் தீவுக் கிரானைட்டை வெட்டி, கடல் நடுவே பாறை மேல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் கட்டி முடித்தது 1851-இல். மின்சாரம் இல்லாத காலத்துக் கைகளை நினைத்து என் தோள்வலியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

கொத்தும் சத்தம் காங்கிரீட் வழியாக இறங்கும் என்பதால், ரப்பர் பாய் இரண்டாக மடித்து அடியில் போட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை லீவு எடுத்தேன். கீழ் வீட்டு மலாய்க்கார அம்மாவான மக்சிக்கிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன். முடிந்ததும் பச்சரிசியை மூன்று முறை அரைத்துக் கொட்டினோம், மணல் போக. துவையல் நன்றாக வந்தது. ஆனால் வலது ஓரம் இன்னும் வழுக்குகிறதாம். அடுத்த லீவு எப்போது என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.