ரூட்டர் ஃபர்ம்வேரை மாற்றினால் கேமில் லேக் குறையுமா? கம்பெனி ஃபர்ம்வேர், ஓப்பன்டபிள்யூஆர்டி, மெர்லின், ஒரு லேன் கேபிள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

ரூட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றுவதால் குறைவது ஒரே வகை லேக்தான்: நாம் ஆடும் நேரத்தில் அதே இணைப்பில் வீட்டில் வேறொருவர் வீடியோ ஏற்றுவதாலோ இறக்குவதாலோ எகிறும் பிங் (டேட்டா போய்வர ஆகும் நேரம், மில்லி செகண்டில்). மும்பை சர்வர் இருக்கும் தூரத்தையும், மழைத்தண்ணீர் இறங்கிய ஜாயிண்ட் பெட்டியையும், ராத்திரி 9 மணிக்குக் கேபிள்காரரின் பக்கம் ஏற்படும் நெரிசலையும் எந்த ஃபர்ம்வேரும் சரிசெய்யாது. அதனால் ரூட்டரில் கை வைக்கும் முன் உங்கள் வீட்டு லேக் எந்த வகை என்று அளந்துவிடுங்கள்.

லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1), இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8க்கும் தொடர் பிங் ஓடவிடுங்கள். முதலில் யாரும் நெட்டைத் தொடாமல் 2 நிமிடம். அடுத்து, வேறொரு போனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை ஏற்றிக்கொண்டே 2 நிமிடம். ரூட்டருக்கான பிங்கே 2லிருந்து 40, 80 என்று தாவினால் கோளாறு வைஃபையில். ரூட்டர் பிங் அசையாமல் இருக்க, வெளிப் பிங் மட்டும் 20லிருந்து 200க்கு ஏறினால் அது வரிசை நெரிசல். ஃபர்ம்வேருக்கு வேலை இங்கேதான். யாரும் நெட்டைத் தொடாதபோதே 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' விழுந்தால் லைனைப் பாருங்கள். ஓஎன்டியின் (ஃபைபர் இழை வீட்டுக்குள் வந்து சேரும் பெட்டி) செட்டிங்ஸ் பக்கத்தில் ஆப்டிகல் ரிசீவ் பவர் (வந்து சேரும் ஒளியின் பலம்) மைனஸ் 27 டிபிஎம்மை நெருங்கியிருந்தால் எங்கோ இழை மடங்கியிருக்கிறது, அல்லது கனெக்டரில் அழுக்கு. ஈபி கம்பங்களில் தொங்கிவரும் வயர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் இது வழக்கமான நோய். கேபிள்காரரைக் கூப்பிட்டு ஸ்பிளைசை (இழையின் ஒட்டை) மாற்றச் சொல்வதே மருந்து.

எந்நேரமும் ஆடாமல் அசையாமல் 70, 80 காட்டுகிறதா? அது தூரமும் வழியும். தஞ்சாவூரிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,100 கி.மீ. இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஓடுவதால் போய்வரவே 11 மில்லி செகண்ட் ஆகும். உண்மையான வழி சென்னையைச் சுற்றிப் போவதால் எண் இன்னும் கூடும். சிங்கப்பூர் இதைப்போல் இரண்டரை மடங்கு தூரம். வாலரன்ட் கேம் ஆடுகிறவர்கள் மும்பை சர்வர் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீரும்.

வரிசை நெரிசல் எப்படி உண்டாகிறது? ரூட்டரும் ஓஎன்டியும் உடனே அனுப்ப முடியாத பாக்கெட்டுகளை (டேட்டா துண்டுகளை) தேக்கி வைக்கின்றன. அப்லோடு 10 எம்பிபிஎஸ் உள்ள இணைப்பில் 256 கேபி தேங்கினால், கடைசியில் வந்து நிற்கும் பாக்கெட் வெளியேற 0.2 செகண்ட் ஆகும். கேம் அனுப்புவது சொற்ப டேட்டா. ஆனால் அதுவும் வீடியோவின் பின்னால்தான் நிற்கிறது. இதற்குத் தீர்வாக 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் முறையைக் கொண்டுவந்தார்கள். எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு நேரமாகத் தேங்கியிருக்கிறது என்று அது பார்க்கிறது. இலக்கு 5 மில்லி செகண்ட். அதிலிருந்து எஃப்க்யூ-கோடெல், கேக் என்ற முறைகள் வளர்ந்தன. கேக் 2018இல் லினக்ஸ் 4.19 கர்னலில் சேர்ந்தது. இவை ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை தருவதால் மெலிந்த கேம் டிராஃபிக் முன்னால் வந்துவிடுகிறது.

இனி ஒப்பீடு. கம்பெனி ஃபர்ம்வேரிலேயே கியூஓஎஸ் என்ற முன்னுரிமை அமைப்பு ஒன்று இருக்கும். அதில் கேம் ஆடும் கருவிக்கு 'ஹை' முன்னுரிமை கொடுத்துவிட்டு, மொத்த வேகத்தை 1000 என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் பலனே இல்லை. தேக்கம் ரூட்டரை விட்டு ஓஎன்டிக்குப் போய்விடும், அங்கே உங்கள் முன்னுரிமை செல்லாது. அளந்த வேகத்தில் 85 சதவீதத்தை மொத்த வேகமாக எழுதினால் பெரும்பகுதி லேக் இங்கேயே அடங்கும். ஃபர்ம்வேர் மாற்ற நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்ப்பது நல்லது. இதன் குறை, ஒரே கருவிக்குள் ஓடும் கேமையும் டவுன்லோடையும் இது பிரித்துப் பார்ப்பதில்லை.

ரூட்டரில் நாமே ஏற்றும் இலவச ஃபர்ம்வேரான ஓப்பன்டபிள்யூஆர்டியில் எஸ்க்யூஎம் என்ற வரிசை மேலாண்மைப் பொதி உண்டு; கேக்கை ஓட்டும் அது இவற்றைப் பிரித்துப் பார்க்கிறது. சரியாக அமைத்தால் முன்பு 200 காட்டிய இடத்தில் 25, 30க்குள் நிற்கும். வீட்டில் நாலு பேர் ஒரே 30, 40 எம்பிபிஎஸ் திட்டத்தைப் பகிரும் இடத்தில் இதற்கு ஈடாக வேறெதையும் சொல்ல மாட்டோம். இதற்குக் கொடுக்கும் விலை, சிபியுவின் உழைப்பு. கேக் ஓடும்போது வன்பொருள் வேகமூட்டல் பயன்படாது. எல்லாப் பாக்கெட்டையும் சிபியுவே கையாள வேண்டும். 750 மெகாஹெர்ட்ஸ் சிப் உள்ள டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரூட்டரின் ஐந்தாம் பதிப்பு 150 எம்பிபிஎஸ் சுற்றுவட்டாரத்தில் திணறத் தொடங்கும். 300 எம்பிபிஎஸ் திட்டத்தில் தனியாக ஆடுகிறவருக்கு வரிசையே தேங்காது. அவர் ஃபர்ம்வேர் மாற்றினால் வேகம்தான் குறையும்.

மெர்லின் (அசூஸ் ஃபர்ம்வேரின் திருத்திய பதிப்பு) ஏற்கும் அசூஸ் ரூட்டர் வைத்திருந்தால் அதுவே போதும். கம்பெனி வைஃபை டிரைவரை அப்படியே வைத்துக்கொண்டு கேக்கைத் தருகிறது, பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்புவதும் எளிது. டிடி-டபிள்யூஆர்டி, ஃபிரெஷ்டொமேட்டோ என்ற மாற்று ஃபர்ம்வேர்கள் பிராட்காம் சிப் உள்ள பழைய ரூட்டர்களுக்கு உதவும். புதிதாக வாங்குகிறவர் அவற்றுக்காக ரூட்டர் தேட வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும் முந்துவது பல வீடுகளில் லேன் கேபிள்தான். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளும் கும்பகோணத்துப் பழைய வீட்டில் ஓஎன்டி வாசல் அறையில் தொங்கும். ஆடுகிறவர் பின்கட்டில் இருப்பார். நடுவில் உள்ள சுண்ணாம்புச் சுவர்களை 5 ஜிகாஹெர்ட்ஸ் தாண்டாது, 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒட்டிய வீடுகளின் ரூட்டர்கள் அனைத்தும் 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் மோதிக்கொள்ளும். 30 மீட்டர் கேட்-6 இழுத்தால் ஜிட்டர் (பிங்கின் ஏற்ற இறக்கம்) அன்றைக்கே போய்விடும் (100 மீட்டர் வரை தாங்கும்). திறந்த முற்றத்தின் மேலே கொண்டுபோகாதீர்கள். இடி இடிக்கும்போது செம்புக் கேபிள் வழியே போர்ட் கருகும்.

மாற்றுவது என்று முடிவானால், கேபிள்காரர் கொடுத்த ஓஎன்டியில் வேண்டாம். அதற்கு ஏற்ற ஃபர்ம்வேர் அநேகமாக இருக்காது, லைனும் போய்விடும். சொந்த ரூட்டரை அதன் பின்னால் வைத்து, ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் (இணைப்பை அப்படியே ரூட்டருக்குக் கடத்தும் முறையில்) போடச் சொல்லுங்கள்; இணைப்பின் லாகினான பிபிபிஓஇ பயனர்பெயர், கடவுச்சொல், விலான் எண் மூன்றையும் முன்பே எழுதி வாங்குங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடலோடு பதிப்பு எண்ணையும் படியுங்கள். டிபி-லிங்க் 841என் 13ஆம் பதிப்பில் 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ராம். 14இல் 4, 32 என்று குறைந்துவிட்டது, அதில் இன்றைய ஓப்பன்டபிள்யூஆர்டி ஏறாது.

முதல் முறை ஏற்றுவதற்கு 'ஃபேக்டரி' கோப்பு. 'சிஸ்அப்கிரேட்' அதற்குப் பிந்தைய புதுப்பிப்புகளுக்கு. வைஃபை வழியாக ஏற்றாமல் லேன் கேபிளில் ஏற்றுங்கள். இன்வெர்ட்டரோ 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸோ இல்லாமல் தொடங்க வேண்டாம்: பம்புசெட்டுகள் ஓடும் சமயம் வோல்டேஜ் இறங்கி, எழுதும் நடுவில் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆனால் பிரிக் ஆகிவிடும், அதாவது செங்கல்போல் செயலற்றுவிடும். ஆர்ச்சர் சி7 போன்றவற்றை லேப்டாப்புக்கு 192.168.0.66 என்று முகவரி வைத்து, ரீசெட்டை அழுத்தியபடி ஆன் செய்து, டிஎஃப்டிபி (கோப்பு அனுப்பும் எளிய முறை) மூலம் மீட்கலாம். எல்லா மாடலுக்கும் இந்த வசதி கிடையாது.

ஏற்றி முடிந்ததும் வைஃபை அணைந்தே இருக்கும். செத்துவிட்டதாக நினைத்துவிட வேண்டாம். ஓஎன்டியும் 192.168.1.1இல் இருந்தால் இரண்டும் மோதி நெட் வராது. புது ரூட்டரின் லேன் முகவரியை 192.168.10.1 ஆக்குங்கள். பிறகு எஸ்க்யூஎம் பொதியை நிறுவி, வான் (WAN, வெளி இணைப்பு) இடைமுகத்தைத் தேர்ந்து, கேக் வகையில் 'பீஸ் ஆஃப் கேக்', டவுன்லோடு 85, அப்லோடு 90 சதவீதம், ஈதர்நெட் ஓவர்ஹெட் 44 என்று கொடுங்கள். வேகமூட்டும் வசதியான ஃப்ளோ ஆஃப்லோடிங் ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். அது இருக்கும்வரை எஸ்க்யூஎம் சரியாக வேலை செய்யாது.

அதே பிங் சோதனையைக் காலையிலும் இரவு 9 மணிக்கும் மறுபடி ஓட்டுங்கள். காலையில் 25, இரவில் மட்டும் 150 என்றால் அந்நேரம் கேபிள்காரர் தரும் வேகம் நீங்கள் எழுதிய எண்ணுக்குக் கீழே போகிறது. எண்ணை இரவு வேகத்துக்கு இறக்குங்கள், அல்லது வேகத்துக்கு ஏற்பத் தானே மாற்றிக்கொள்ளும் கேக்-ஆட்டோரேட்டை நிறுவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஃபர்ம்வேரை விட்டுவிட்டு, வேறு நிறுவனத்தின் லைன் உங்கள் தெருவில் வருகிறதா என்று விசாரியுங்கள்.