இரும்புக்குப் போடாதீர்கள்: பழைய டெல் லப்டொப்பில் லினக்ஸ் மின்ட்

டெல் லற்றிடியூட் இ6430 வீட்டில் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2012இல் வந்த மொடல், மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5 புரொசசர். விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. என்னுடையதில் இப்போது விண்டோஸுக்குப் பதிலாக, இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22 ஓடுகிறது. அதிலும் பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. கிளிநொச்சியில் கணிதம் படிப்பிக்கிறேன். பாடசாலை வேலை முழுவதும் இதில்தான்.

கையில் கொஞ்சக் காசுதான் இருக்கிறதென்றால் முழுவதையும், ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கே போடுங்கள். முன்பு லப்டொப்பைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போகலாம். இப்போது கதிரையை இழுத்து இருக்க முன்னமே திரை வந்துவிடும். ஹாட் டிஸ்க்கைக் கழற்றுவதும் சுகம். அடியில் இரண்டு ஸ்குரூ, பிறகு பக்கவாட்டில் இழுத்தால் தட்டோடு வரும். திறந்த கையோடு விசிறிப் பக்கத்தையும் பார்த்தேன். எங்கள் செம்மண் புழுதி படையாக ஒட்டியிருந்தது. பெயின்ட் பிரஷால் மெல்லத் தட்டி எடுத்ததும் சூடும் இரைச்சலும் நன்றாகக் குறைந்தன. ரம் 8 ஜிபி ஆக்கியது நல்லதுதான், ஆனால் அவசரமில்லை. பழைய டிடிஆர்3 வகை ரம் போதும்.

எனக்குப் பெரிய கவலை தமிழ்தான். பென்டிரைவ் நிறைய, யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்த வினாத்தாள்கள். பாமினி எழுத்துருவை நிறுவியதும் வேர்டுக்குப் பதிலான இலவச மென்பொருள் லிப்ரே ஒஃபிஸில் எழுத்து அப்படியே வந்தது. வேர்டில் போட்ட அட்டவணைகளும் சமன்பாடுகளும்தான் அங்கங்கே நகர்ந்தன. அதைக் கையால் திருத்தத்தான் வேண்டும். யுனிகோடில் அடிக்க ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டால் தமிழ்99, ரெங்கநாதன் ஆகிய இரண்டு விசைப்பலகை அமைப்புகளும் கிடைக்கும். ரெங்கநாதனில் பழகிய நம் ஆட்களுக்கு இது பெரிய ஆறுதல்.

மின்ட் கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி. இரவு டேட்டாவில் இறக்குங்கள். அதைப் பூட் ஆகும்படி பென்டிரைவில் எழுதி, லப்டொப்பைப் போடும்போது எஃப்12 அழுத்தி, பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுவலாம். சில வைஃபை கார்டுகளுக்கு ட்ரைவர் தனியாகப் போடவேண்டி வரும். அதுவரை போனை யூஎஸ்பி வயரால் தொடுத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் இணையம் வரும்.

போட்டோஷொப் வேண்டிய ஸ்டூடியோக்காரருக்கும் கேம் விளையாடும் பிள்ளைகளுக்கும் இது சரிவராது. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு, கட்டாயம் வாங்கிக் கொடுங்கள் என்பேன். செகண்ட் ஹாண்டில் வாங்குவதானால் திரையின் பிணைச்சலை ஆட்டியும் ஒவ்வொரு கீயை அழுத்தியும் பாருங்கள். பற்றரியை நம்பாமல், புதுப் பற்றரியின் விலையையும் கூட்டித்தான் பேரம் பேசுங்கள்.