நிக்கான் கூல்பிக்ஸ் பி950: குமரி மாவட்டத்துப் பறவைகளுக்குப் போதுமா?

கொல்லைத் தென்னையில் வந்து தொற்றும் பொன்முதுகு மரங்கொத்தியையும், தேரூர்க் குளத்தில் தாமரை இலைகளின்மேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியையும் ஒரே கேமராவால் எடுக்க விரும்புபவர்களுக்கு, 2020இல் வெளிவந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி950 இன்றும் நல்ல தேர்வுதான். ஆனால் 83 மடங்கு ஜூம் என்ற எண்ணை மட்டும் பார்த்து அதை வாங்கக் கூடாது.

முதலில் அதன் பலம். 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் கணக்கில் 24 மி.மீ. முதல் 2000 மி.மீ. வரைக்கும் சமமான வீச்சுள்ள இக்கேமராவின் எடை ஏறத்தாழ ஒரு கிலோதான். லென்ஸ் மாற்றத்தக்க டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றில் 600 மி.மீ. லென்ஸைப் பூட்டினால் எடை இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிடும். வயல் வரப்பிலும் உப்பளக் கரையிலும் முக்காலி இல்லாமல் நடப்பவருக்கு இந்த வேறுபாடு தோளில் தெரியும். கை நடுக்கத்தைத் தாங்கும் வசதியும் சிறப்பாகவே வேலை செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது, லென்ஸ் உருளையின் பக்கத்தில் உள்ள ஒரு சிறு பொத்தான். முழு ஜூமில் இலைகளுக்கிடையே பறவையைத் தவறவிட்டால், அதை அழுத்தியதும் காட்சி சட்டென அகலும். பறவையைக் கண்டுபிடித்து விரலை எடுத்தால், பழைய ஜூமுக்கே திரும்பிவிடும். மாங்குயில் போன்ற மறைந்து திரியும் பறவைகளுக்கு, டயலில் பறவைக்கென்றே தந்திருக்கும் தனி முறையைவிட இப்பொத்தானே அதிகம் உதவுகிறது.

இனி அதன் எல்லைகள். ஒளியைப் படமாகப் பதியும் உணரி மிகச் சிறியது, 1/2.3 அங்குலம், முழு ஜூமில் லென்ஸில் ஒளி புகும் துளை f/6.5 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே காலை வெயில் நேராக விழும் தேரூர்க் கரையில் கூழைக்கடாவின் அலகுப் பையில் உள்ள புள்ளிகள்வரை தெளிவாகப் பதியும் அதே கேமரா, ஆனி மாத மழை மேகத்தின்கீழ் பலாவும் அயனியும் அடர்ந்த விளையில் (தோப்பில்) ஒரு குக்குறுவானை எடுக்கும்போது ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, உயர்த்தி, இறகுகளைப் பச்சைக் குழம்பாக்கிவிடும். ஐஎஸ்ஓ 800க்குக் கீழ் நின்றால்தான் படம் படமாக இருக்கும் என்பது என் கணிப்பு. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் நம் மாவட்டத்தில் இது சிறிய குறையல்ல.

இன்னொன்று, முழு ஜூமில் ஏறத்தாழ ஐந்து மீட்டருக்குள் இருப்பதை அது குவியப்படுத்தாது. செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டு சன்னலருகிலேயே இருந்தால், ஜூமைக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். தொலைவில் இருப்பவற்றுக்கும் 2000 மி.மீ. எப்போதும் பயன்படுவதில்லை. புத்தளம் உப்பளங்களில் வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்று அலையலையாக ஆடுவதால், நெடுங்கால் உள்ளானின் சிவந்த கால்கள் நெளிந்து தெரியும். எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. விடியலிலேயே போய்விடுவதுதான் வழி.

பறக்கும் பறவைக்கு இது ஏற்றதல்ல. மணக்குடிக் காயலின்மேல் வட்டமிடும் செம்பருந்தைப் பொறுமையோடு பிடிக்கலாம். நீரை உரசித் திரும்பும் மீசை ஆலாவை இதன் குவியம் பின்தொடராது. அதுவே உங்கள் ஆசையென்றால், லென்ஸ் மாற்றத்தக்க பழைய கேமரா ஒன்றையும் 300 மி.மீ. லென்ஸையும் தேடுவது நல்லது.

வாங்குபவர்கள் கூடுதலாக ஒரு பேட்டரியையும் வாங்க வேண்டும். ஒன்றில் சுமார் 290 படங்களே எடுக்க முடியும். மழைக்கும் உப்புக் காற்றுக்கும் எதிரான காப்பு இக்கேமராவில் இல்லாததால், கடற்கரைப் பகுதியில் வசிப்பவர்கள் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத பெட்டியில் வைப்பது கட்டாயம்; லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிட்டால், பழுது பார்க்கும் செலவு கேமராவின் விலையை நினைவூட்டும்.